ஃபார்மேட் செய்வதற்கு முன்: பாப்-அப் விளம்பரங்களோடு பட்ட அனுபவம்

திரையின் வலது கீழ் மூலையில், கடிகாரத்துக்குச் சற்று மேலே, ஒரு சிறு பெட்டி திடீரென்று எழும்பி ‘உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்கள் உள்ளன, உடனே நீக்குங்கள்’ என்று மிரட்டினால், பெரும்பாலோர் கணினியைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் கடைக்குத்தான் போகிறார்கள். அங்கே அதிகம் விசாரிக்காமல் ஃபார்மேட் செய்து, விண்டோஸைப் புதிதாக ஏற்றி, சில நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். விளம்பரத்தைப் போட்டது, கூடுதல் வசதிக்காக உலாவியில் சேர்க்கப்படும் எக்ஸ்டென்ஷன் என்ற சிறு நிரல்களில் ஒன்று என்றால் இந்தச் செலவு முழுவதும் வீண். வீட்டுக்கு வந்து குரோமில் பழைய ஜிமெயில் கணக்கைத் திறந்து சிங்க் செய்தவுடன், அந்தக் கணக்கோடு சேர்ந்திருந்த எக்ஸ்டென்ஷன்கள் எல்லாம் தாமாகவே மறுபடி இறங்கும். அந்த விளம்பரமும் அவற்றோடு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

திருவாரூரில் ஒரு டிடிபி கடை நடத்துகிறேன். திருமண அழைப்பிதழ், நோட்டீஸ், தேர்வு விண்ணப்பம், ஹால் டிக்கெட் பிரிண்ட் ஆகியவைதான் எங்கள் தொழில். ஆனால் கணினியோடு புழங்குகிறவன் என்பதால் தெருவில் யார் லேப்டாப்பில் எது வந்தாலும் அது எங்கள் மேசைக்கு வந்துவிடும். அதில் பெரும்பகுதி இந்த விளம்பரத் தொல்லைதான். பல ஆண்டுகளாக இவற்றைப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது இது: எல்லாவற்றையும் ‘வைரஸ்’ என்று ஒரே பெயரில் அழைத்தாலும், விளம்பரம் வரும் வழிகள் வேறுவேறு. இணையதளமே அனுப்புகிறதா, உலாவிக்கு நாம் கொடுத்த அனுமதியால் வருகிறதா, எக்ஸ்டென்ஷன் போடுகிறதா, கணினிக்குள் நிறுவப்பட்ட மென்பொருள் கிளப்பிவிடுகிறதா, அல்லது கணினிக்கு வெளியே வைஃபை ரவுட்டரிலேயே கோளாறா என்பதைக் கண்டுபிடித்துவிட்டால் நீக்குவது பெரிய வேலை இல்லை. கண்டுபிடிக்காமல் எந்தக் கருவியை ஓட்டினாலும் குருட்டுவேலைதான்.

பாப்-அப் விளம்பரத்துக்கு முதன்முதலில் நிரல் எழுதியவர்களில் ஒருவர் ஈத்தன் ஸுக்கர்மன் என்ற அமெரிக்கர். 1990களில் டிரைபாட் என்ற இணையதளத்தில் அவர் வேலை பார்த்தபோது, ஒரு கார் நிறுவனத்தின் விளம்பரம் ஆபாசமான பக்கம் ஒன்றில் தோன்றிவிட்டதாகப் பிரச்சினை எழ, விளம்பரத்தைப் பக்கத்தோடு ஒட்டாமல் தனி ஜன்னலில் காட்டும் யோசனை அப்போதுதான் வந்ததாம். 2014ஆம் ஆண்டில் அவர் அதற்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அந்தப் பழைய வகைப் பாப்-அப் இன்று பெரும்பாலும் செத்துவிட்டது. 2004இல் விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாம் சர்வீஸ் பேக்கோடு இன்டர்நெட் எக்ஸ்புளோரரிலேயே பாப்-அப் தடுப்பான் சேர்ந்துவிட்டது, மற்ற உலாவிகளிலும் அது வழக்கமாகிவிட்டது. ஆகவே விளம்பரக்காரர்கள் வேறு வழிகளைத் தேடினார்கள். இணையதளங்கள் நம் திரைக்கு நோட்டிபிகேஷன் அனுப்பும் வசதி 2015 வாக்கில் குரோமில் வந்தபோது அவர்களுக்குக் கதவு மறுபடி திறந்தது.

இன்று என்னிடம் வரும் புகார்களில் அதிகமானவை இந்த நோட்டிபிகேஷன் வகைதான். பணி ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தம் லேப்டாப்போடு வந்து, “தம்பி, நான் இதுல எதையும் இன்ஸ்டால் பண்ணவே இல்லப்பா, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ வந்து நிக்குது” என்றார். அவர் சொன்னது முழு உண்மை. கிரிக்கெட் ஆட்டத்தை நேரலையில் பார்க்க ஏதோ ஒரு தளத்துக்குப் போயிருக்கிறார், ‘நீங்கள் ரோபோ இல்லை என்பதை உறுதிசெய்ய அலோ பட்டனை அழுத்துங்கள்’ என்று ஒரு பக்கம் வந்திருக்கிறது, அழுத்தியிருக்கிறார். அந்த அலோ பட்டன் ரோபோ சோதனைக்கு உரியதன்று. உலாவி தன் பங்குக்கு ‘இந்தத் தளம் உங்களுக்கு அறிவிப்புகள் அனுப்பலாமா’ என்று கேட்டதற்கான பதில். அதற்குப் பிறகு அந்தத் தளத்தை மூடினாலும், வரலாற்றை அழித்தாலும், ஆன்டிவைரஸ் ஓட்டினாலும் பெட்டி வந்துகொண்டுதான் இருக்கும். கணினிக்குள் கெட்ட கோப்பு எதுவும் இல்லாததால் ஆன்டிவைரஸ் ‘எல்லாம் சுத்தம்’ என்றுதான் சொல்லும்.

அந்தப் பெட்டியை நிதானமாகப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். மேலே பெரிதாக ஆன்டிவைரஸ் நிறுவனத்தின் சின்னத்தைப் போன்ற ஒரு படம், அதன் கீழே மிரட்டல் வாசகம், அதற்கும் கீழே சாம்பல் நிறத்தில் கண்ணுக்கு எளிதில் படாத அளவில் ‘கூகுள் குரோம்’ என்ற பெயரும், கூடவே வாயில் நுழையாத ஒரு தள முகவரியும் இருக்கும். குரோமின் பெயர் அங்கே இருந்தால் அது விண்டோஸின் எச்சரிக்கையும் இல்லை, ஆன்டிவைரஸின் எச்சரிக்கையும் இல்லை. பெட்டியின் நடுவே படத்துக்குள்ளேயே வரைந்திருக்கும் பெருக்கல் குறியைத் தொடக் கூடாது. அதுவும் விளம்பரத்தின் பகுதிதான். பெட்டியின் மேல் மூலையில் இருக்கும் உண்மையான மூடும் குறியையோ, பல்சக்கரக் குறியையோ, மூன்று புள்ளியையோதான் அழுத்த வேண்டும்.

நிரந்தரத் தீர்வுக்கு, குரோமில் செட்டிங்ஸ் சென்று, பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் சைட் செட்டிங்ஸ், அதற்குள் நோட்டிபிகேஷன்ஸ் என்று போக வேண்டும். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் அங்கே இருக்கும். தலைமையாசிரியரின் லேப்டாப்பில் அந்தப் பட்டியல் திரையைத் தாண்டி நீண்டது. அதில் அவர் அடையாளம் சொன்னது ஒரு செய்தித்தாளையும் யூடியூபையும் மட்டுமே. தெரியாத பெயர்கள் அனைத்துக்கும் எதிரே உள்ள மூன்று புள்ளியை அழுத்தி, ‘ரிமூவ்’ என்பதைவிட ‘பிளாக்’ என்பதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ரிமூவ் செய்தால் அடுத்த முறை அந்தத் தளம் மறுபடி கேட்கும். அதே பக்கத்தின் மேற்பகுதியில், எந்தத் தளமும் அறிவிப்புக்கு அனுமதி கேட்கவே கூடாது என்று வைக்கும் வசதி இருக்கிறது. வயதானவர்களின் கணினிகளில் கேட்காமலேயே அதைப் போட்டுவிடுகிறேன். ‘எனக்கு ஏன் அறிவிப்பு வரவில்லை’ என்று இதுவரை யாரும் வந்து நின்றதில்லை. எட்ஜிலும் பயர்பாக்ஸிலும் இதே அமைப்பு ஏறக்குறைய இதே பெயரில் இருக்கிறது, ஆண்ட்ராய்டு போனில் உள்ள குரோமிலும் உண்டு.

ரோபோ சோதனை என்ற பெயரில் அண்மைக் காலத்தில் இன்னொரு மோசடியும் நடக்கிறது. இது விளம்பரத்தைவிடப் பல மடங்கு ஆபத்தானது. விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்துங்கள், பிறகு கன்ட்ரோல் வி, பிறகு என்டர் என்று அந்தப் பக்கம் படிப்படியாகச் சொல்லும். பக்கம் உங்களை அறியாமல் ஒரு கட்டளையை, காப்பி செய்தவை தங்கும் கிளிப்போர்டில் வைத்திருக்கும். அதை நீங்களே உங்கள் கையால் கணினியில் ஓட்டிவிடுகிறீர்கள். உண்மையான ரோபோ சோதனை எதுவும் உலாவிக்கு வெளியே போய் விசைகளை அழுத்தச் சொல்லாது. அப்படிச் செய்துவிட்டவர்கள் இணையத்தைத் துண்டித்துவிட்டு, வேறொரு சுத்தமான சாதனத்திலிருந்து மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை மாற்ற வேண்டும். இந்த ஒரு நேரத்தில் மட்டும் ஃபார்மேட் செய்யச் சொல்வதற்கு நான் தயங்குவதில்லை.

அடுத்தது எக்ஸ்டென்ஷன். கூகுளில் தேடினால் வேறு ஏதோ தேடுபொறிக்குப் போகிறது, எப்போதும் பார்க்கும் தளங்களில்கூட முன்பு இல்லாத இடங்களில் விளம்பரம் முளைக்கிறது என்றால் முதலில் இங்கேதான் பார்க்க வேண்டும். இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. அதே தளத்தை இன்காக்னிட்டோ ஜன்னலில் திறந்து பாருங்கள். நாம் தனியாக அனுமதித்தாலொழிய எக்ஸ்டென்ஷன்கள் அங்கே இயங்காது. ஆகவே அங்கே விளம்பரம் காணாமல் போனால் எக்ஸ்டென்ஷன்மீதுதான் முதல் சந்தேகம் விழ வேண்டும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் ஆள் அகப்பட்டுவிடுவான். எங்கள் கடைக்கு வரும் கணினிகளில் இப்படி அகப்பட்டவை பெரும்பாலும் பிடிஎஃப் கோப்பை வேர்டாக மாற்றுகிறேன் என்பவை, வீடியோ டவுன்லோடு செய்து தருகிறேன் என்பவை, கூப்பன் தேடித் தருகிறேன் என்பவை.

நல்ல எக்ஸ்டென்ஷனாக நிறுவியதே பிறகு கெட்டுப்போவதும் உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை. ‘தி கிரேட் சஸ்பெண்டர்’ என்று ஒன்று இருந்தது. பயன்படாமல் திறந்து கிடக்கும் டேப்களை உறங்கவைத்து மெமரியை மிச்சப்படுத்தும். லட்சக்கணக்கானோர் பயன்படுத்திய அந்த எக்ஸ்டென்ஷனை உருவாக்கியவர் 2020இல் வேறொருவருக்குக் கைமாற்றினார்; 2021 பிப்ரவரியில் அதில் தீங்கு நிரல் இருப்பதாகச் சொல்லி கூகுள் அதை முடக்கிவிட்டது. பயன்படுத்தியவர்கள் தரப்பில் எந்தத் தவறும் இல்லை. தானாகவே அப்டேட் ஆகிக்கொண்டது, அவ்வளவுதான். எனவே பயன்படாத எக்ஸ்டென்ஷனை அணைத்து வைத்துக் காத்திருக்காமல் நீக்கிவிடுவதே சரி.

சில கணினிகளில் எக்ஸ்டென்ஷனை நீக்கும் பட்டனே இருக்காது. குரோம் மெனுவின் அடியில் ‘இந்த உலாவி உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது’ என்ற பொருளில் ஒரு வரி தெரியும். அலுவலகம் கொடுத்த லேப்டாப் என்றால் இது இயல்பு. அதில் கை வைக்காமல் அலுவலகத்தாரிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் கல்லூரி மாணவர் ஒருவர் தம் சொந்தப் பணத்தில் வாங்கிய லேப்டாப்பில் இந்த வரி தெரிந்தபோது, அது ஆட்வேரின், அதாவது விளம்பரம் போடுவதற்கென்றே உள்ளே நுழையும் மென்பொருளின், வேலை என்பதில் ஐயம் இருக்கவில்லை. நிறுவனங்கள் தங்கள் கணினிகளைக் கட்டுப்படுத்துவதற்காக குரோம் வைத்திருக்கும் பாலிசி என்ற ஏற்பாட்டை, விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் சில வரிகளை எழுதி ஆட்வேர் தனக்காகப் பயன்படுத்திக்கொள்கிறது. முகவரிப் பட்டையில் குரோம் என்று எழுதி, முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு இட்டு, பாலிசி என்று தட்டினால் எந்தக் கட்டளை அமலில் இருக்கிறது என்பது தெரியும். அந்த மாணவரின் லேப்டாப்பில் ஒரு எக்ஸ்டென்ஷனைக் கட்டாயமாக நிறுவச் சொல்லும் வரி இருந்தது.

இப்படிப்பட்ட நேரத்தில் முதலில் நான் ஓட்டுவது ஆட்வ்கிளீனர். மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் இலவசக் கருவி. நிறுவ வேண்டிய அவசியமில்லை, அப்படியே இயங்கும், அந்த நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். ஏனென்றால் ஆட்வேர் நீக்கி என்ற பெயரிலேயே ஆட்வேர் விநியோகிக்கிறவர்கள் ஏராளம். குரோமுக்குள்ளேயே முன்பு ஒரு துப்புரவுக் கருவி இருந்தது. 2023இல் கூகுள் அதை எடுத்துவிட்டதால், அதைத் தேடச் சொல்லும் பழைய குறிப்புகளை நம்பி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். ஆட்வ்கிளீனருக்கும் தப்பினால், ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் சாஃப்ட்வேர், பாலிசிஸ், கூகுள், குரோம் என்ற வரிசையில் போய், அந்தப் பகுதியை எக்ஸ்போர்ட் செய்து ஒரு பிரதி வைத்துக்கொண்டு, பிறகு அழிக்கலாம். ரெஜிஸ்ட்ரி பழக்கமில்லாதவர்கள் இந்த இடத்தில் தெரிந்தவர் ஒருவரை அழைத்துக்கொள்வதே நல்லது.

அந்த மாணவரின் கணினியில் அதோடு முடியவில்லை. மறுநாளும் குறிப்பிட்ட இடைவெளியில் உலாவி தானாகத் திறந்து சூதாட்ட விளம்பரம் ஒன்றைக் காட்டியது. இப்படிக் கடிகாரம் பார்த்து வருகிற விளம்பரத்துக்கு, குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டிவிடும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் பார்க்க வேண்டும். அங்கே அப்டேட் செய்யும் வேலை போன்ற ஒரு பெயரில் ஒரு பணி இருந்தது. அதன் ஆக்‌ஷன்ஸ் பகுதியைத் திறந்தால், உலாவியைக் குறிப்பிட்ட முகவரியோடு திறக்கச் சொல்லும் கட்டளை மட்டுமே இருந்தது. அதை அழித்த பிறகு தொல்லை நின்றது. டெஸ்க்டாப்பில் உள்ள குரோம் ஷார்ட்கட்டையும் அதே சூட்டில் வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் டார்கெட் என்ற கட்டத்தின் கடைசிவரை நகர்த்திப் பார்க்க வேண்டும். மேற்கோள் குறி முடிந்த பிறகு ஒரு இணைய முகவரி ஒட்டிக்கொண்டிருந்தால் அதை வெட்டிவிட வேண்டும்.

இவையெல்லாம் எப்படி உள்ளே வந்தன என்று கேட்டால், ஒருமுறை போட்டோ எடிட்டிங் மென்பொருளைப் பணம் கட்டாமல் ஓட்டவைக்கும் கிராக், ஒருமுறை திருட்டுத்தனமாக இறக்கிய புதுப் படம். எங்கள் தொழிலில் கூடுதலாக ஒன்று உண்டு: தமிழ் எழுத்துரு. அழைப்பிதழ் வேலைக்கு யாரோ ஒரு வாடிக்கையாளர் பழைய எழுத்துரு ஒன்றைக் கேட்பார், பணியாளர் தேடுவார், எழுத்துருக்களை அள்ளிக் குவித்திருக்கும் ஒரு தளம் திறக்கும். அந்தப் பக்கத்தில் பச்சை நிறத்தில் பெரிதாக மூன்று டவுன்லோடு பட்டன்கள் இருக்கும், மூன்றும் விளம்பரம். உண்மையான இணைப்பு, அடியில் சிறிய நீல எழுத்தில் கிடக்கும். புதிதாகச் சேரும் பையன்களுக்கு நான் சொல்லித் தருவது, பட்டனை அழுத்துவதற்கு முன் அதன்மேல் சுட்டியை வைத்து, திரையின் இடது கீழ் ஓரத்தில் தெரியும் முகவரியைப் படிக்க வேண்டும் என்பது. இறங்கிய கோப்பின் கடைசி எழுத்துகளையும் பார்க்க வேண்டும். எழுத்துரு என்றால் டிடிஎஃப், ஓடிஎஃப் அல்லது ஜிப் என்று முடியும். இஎக்ஸ்இ என்று முடிகிற எழுத்துரு இருந்தால் அதைத் திறக்காமல் அழித்துவிட வேண்டும். உண்மையான மென்பொருளை நிறுவும்போதும் ‘எக்ஸ்பிரஸ்’ என்பதை விட்டு ‘கஸ்டம்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால், கூடவே நுழையப் பார்க்கும் டூல்பார்களின் டிக் குறிகளை எடுத்துவிடலாம்.

புதுக் கணினி வாங்கினால் இந்தக் கவலை இல்லை என்றும் சொல்ல முடியாது. 2015இல் லெனோவோ தன் லேப்டாப்கள் சிலவற்றில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருளைத் தொழிற்சாலையிலேயே ஏற்றி அனுப்பியது தெரியவந்து பெரிய சர்ச்சையானது. பூட்டுக் குறி போட்ட பாதுகாப்பான தளங்களின் போக்குவரத்துக்குள்ளும் புகுந்து விளம்பரம் போடுவதற்காக அது, தளம் உண்மையானது என்று உலாவிக்கு உறுதிசொல்லும் சான்றிதழ்களுக்கு நடுவே தன் சொந்தச் சான்றிதழை விண்டோஸில் நட்டுவைத்திருந்தது. நீக்குவதற்கான கருவியை லெனோவோவே பிறகு வெளியிட வேண்டியதாயிற்று.

போனில் நிலைமை இன்னும் எரிச்சலூட்டுவது. எந்தச் செயலியையும் திறக்காமலே, பூட்டை நீக்கியவுடன் முழுத்திரை விளம்பரம் வந்தால், நிறுவிய செயலிகளுள் ஒன்றுதான் காரணம். பல நேரம் அதற்கு ஐகானே இருக்காது. விளம்பரம் திரையில் நிற்கும்போதே ரீசன்ட் ஆப்ஸ் பட்டனை அழுத்திப் பாருங்கள். அந்த அட்டையின் மேலே விளம்பரத்தைப் போட்ட செயலியின் சின்னம் தெரிந்துவிடலாம். அதை அழுத்திப் பிடித்து ஆப் இன்ஃபோ வழியாக நேரே அன்இன்ஸ்டால் செய்யலாம். பட்டன் மங்கியிருந்தால், செட்டிங்ஸில் டிவைஸ் அட்மின் செயலிகள் என்ற இடத்தில் அதற்குக் கொடுத்த அதிகாரத்தை முதலில் பறிக்க வேண்டும். ‘டிஸ்ப்ளே ஓவர் அதர் ஆப்ஸ்’ என்ற அனுமதி யாருக்கெல்லாம் இருக்கிறது என்பதையும் பாருங்கள். டார்ச் லைட்டுக்கும் க்யூஆர் ஸ்கேனருக்கும் மற்றச் செயலிகளின் மேலே ஏறி நிற்க என்ன வேலை? விளம்பரம் நம்மை எதையுமே செய்யவிடாவிட்டால் போனை சேஃப் மோடில் தொடங்கலாம். பல போன்களில் பவர் மெனுவில் பவர் ஆஃப் என்பதை அழுத்திப் பிடித்தால் அதற்கான கேள்வி வரும். இம்முறையில் நாம் நிறுவிய செயலிகள் இயங்காது, நிதானமாக நீக்கலாம். 2020 பிப்ரவரியில் கூகுள் இந்த வகை விளம்பரங்களுக்காகப் பிளே ஸ்டோரிலிருந்து ஏறக்குறைய 600 செயலிகளை ஒரே அடியாக நீக்கியது என்றாலும், புதியவை வந்துகொண்டேதான் இருக்கின்றன.

முழுத்திரையில் சிவப்பு எச்சரிக்கையும் சைரன் சத்தமும் வந்து, ‘மைக்ரோசாப்ட்’ என்ற பெயரில் ஒரு போன் எண்ணைக் காட்டினால், அந்த எண்ணை அழைக்கக் கூடாது. தன் எச்சரிக்கைகளில் போன் எண் தருவதில்லை என்று மைக்ரோசாப்ட்டே சொல்கிறது. எஸ்கேப் விசையைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள், முழுத்திரை விலகும். விலகாவிட்டால் ஆல்ட் எஃப்4, அதுவும் கேட்காவிட்டால் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் உலாவியை முடித்துவிடலாம். மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்பதே பதில். பதற்றத்தில் அந்த எண்ணை அழைத்து, அவர்கள் சொன்ன ரிமோட் மென்பொருளை நிறுவி, பணமும் போய்விட்டது என்றால், இந்தியாவில் இருப்பவர்கள் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்க வாய்ப்பிருப்பது அந்த முதல் சில மணி நேரத்தில்தான்.

வீட்டிலுள்ள எல்லாச் சாதனங்களிலும் ஒரே விதமான விளம்பரம் என்றால் ரவுட்டரைப் பாருங்கள். தளத்தின் பெயரைக் கொண்டு அது இருக்கும் இடத்தைத் தேடித் தரும் டிஎன்எஸ் என்ற அமைப்பை அதில் யாராவது மாற்றியிருக்கலாம். டிஎன்எஸ் சேஞ்சர் என்ற தீநிரல் கணினிகளின் டிஎன்எஸ் அமைப்பைத் திருத்தி உலகெங்கும் சுமார் 40 லட்சம் கணினிகளை விளம்பரத்துக்குத் திருப்பிவிட்டதும், 2011 நவம்பரில் எஸ்தோனியாவில் அந்தக் கும்பல் பிடிபட்டதும் பழைய செய்தி. ஆனால் ரவுட்டரின் கடவுச்சொல்லை இன்னும் ‘அட்மின்’ என்றே வைத்திருக்கும் வீடுகள் நிறைய.

தடுப்புக்கு நான் நம்புவது யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு எக்ஸ்டென்ஷன். குரோமின் புதிய எக்ஸ்டென்ஷன் விதிகளால் அதன் முழு வடிவம் அங்கே இயங்காமல் போய்விட்டது. லைட் வடிவம் மட்டும் உண்டு, பயர்பாக்ஸில் முழு வடிவம் இன்றும் கிடைக்கிறது. போனில், ஆண்ட்ராய்டு 9 முதல் உள்ள பிரைவேட் டிஎன்எஸ் அமைப்பில் விளம்பரம் தடுக்கும் சேவை ஒன்றின் பெயரை இட்டால், உலாவியிலும் செயலிகளிலும் விளம்பரம் கணிசமாகக் குறையும். விளம்பர வருமானத்தில் நடக்கிற சிறு தமிழ்த் தளங்கள் சிலவற்றுக்கு நான் தடுப்பானை அணைத்து வைத்திருக்கிறேன். அது என் விருப்பம். பணம் கட்டும் பக்கமோ அரசுத் தளமோ பாதியில் நின்றால் முதலில் தடுப்பானை அந்தத் தளத்துக்கு மட்டும் அணைத்துப் பாருங்கள்.

எங்கள் கடைக் கணினிகளில் பணியாளர்களுக்கு ஸ்டாண்டர்டு யூசர் கணக்கு மட்டுமே உண்டு. எதையாவது நிறுவ வேண்டுமானால் அட்மின் கடவுச்சொல்லை நானே வந்து தட்ட வேண்டும். “அண்ணே, ஒரு ஃபான்ட் போடறதுக்குக்கூட ஒங்களக் கூப்பிடணுமா?” என்று பையன்கள் சலித்துக்கொள்கிறார்கள். ஆனால் விண்டோஸ் 10இன் 2018ஆம் ஆண்டு அப்டேட் முதல், எழுத்துருவை அந்த ஒரு பயனருக்கு மட்டும் நிறுவிக்கொள்ள அட்மின் அனுமதி தேவையில்லை. கோப்பை வலது கிளிக் செய்து இன்ஸ்டால் என்று கொடுத்தால் போதும். அப்படியும் அட்மின் கடவுச்சொல் கேட்கிற ‘எழுத்துரு’ ஏதாவது வந்தால் என்னைக் கூப்பிட வேண்டியதுதான் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.